டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு சண்டை

போன வாரம் கம்பெனி நர்ஸ்களான உங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண் கேட்டிருந்தாள்: "மேடம், தூக்கமே வர்றதில்லைன்னு டெய்லி நாலு பேர் வர்றாங்க. அவங்களுக்கு என்ன கொடுக்கிறது?" அதற்குக் கீழே வரிசையாகப் பதில்கள். சூடான பால், சாயங்காலத்துக்கு மேல் டீயை நிறுத்துவது, செல்போனைத் தூர வைப்பது, படுக்கும் முன் குளிப்பது. யாரோ ஒருவர் ஒரு தூக்க மாத்திரையின் பெயரைக்கூடப் போட்டுவிட்டு, பிறகு அழித்திருந்தார். அழித்தது நல்லதாயிற்று.

பதில்களில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நாலு பேர் யார், அவர்கள் பக்கத்தில் யார் படுக்கிறார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. நானும் கேட்காமல் இருந்தவள்தான். கேட்காததால் ஒரு சாயங்காலம் ஐம்பத்திரண்டு பெண்களை ஏற்றிக்கொண்ட பஸ்ஸின் முன்னால் போய் நிற்க வேண்டி வந்தது. அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஆம்பூருக்கு வெளியே ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தேன். ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. வாசலில் 'முதலுதவி அறை' என்று பலகை தொங்கினாலும் எல்லோரும் அதை மாத்திரை ரூம் என்றுதான் சொல்வார்கள். இரண்டு கட்டில், ஒரு பீரோ, பி.பி. பார்க்கும் மெஷின், ஒரு ரிஜிஸ்டர், உதவிக்கு ஒரு பெண். உங்களில் பலருக்கும் இதேதான் இருக்கும். கூடுதலாக ஒரு கம்ப்யூட்டர் கொடுத்திருப்பார்கள்.

தூக்கம் கெடுவதற்கு ஆயிரம் காரணம் உண்டு என்பதை நான் அந்த ரூமில்தான் படித்தேன். ஒரு பெண் நாளைக்கு ஏழு டீ குடித்துவிட்டு, "நான் காபியே தொடறதில்ல சிஸ்டர்" என்று பெருமையாகச் சொன்னாள். இன்னொருத்திக்குத் துபாயிலிருந்த வருங்காலக் கணவன் அவன் வேலை முடிந்த பிறகுதான் பேசுவான். அதற்குள் இங்கே கோழி கூவிவிடும். ஒருவருக்குத் தைராய்டு. ஒருவருக்கு மாதவிலக்கு நிற்கும் காலத்து வேர்வை. பலருக்குச் சித்திரை மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இப்படி ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தவள் என்ற திமிர் எனக்குக் கொஞ்சம் இருந்தது. அந்தத் திமிரோடுதான் வசந்தாவிடம் வழுக்கி விழுந்தேன்.

வசந்தா தையல் லைனில் இருந்தாள். நாற்பத்து மூன்று வயது, ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். ஊர் அணைக்கட்டுப் பக்கம். அவள் கணவர் ஏகாம்பரம் எங்கள் கம்பெனி பஸ் டிரைவர். அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பெண்களைக் காலையில் ஏற்றி வந்து, சாயங்காலம் கொண்டுபோய் விடும் ஏழாம் நம்பர் பஸ் அவருடையது. வசந்தாவும் அதில்தான் வந்து போவாள். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்து, ஏறினதிலிருந்து இறங்கும்வரை அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வருவாள். சண்டை என்றால் ஊமைச் சண்டை இல்லை. கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும். "ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கு எஃப்.எம். வேணாம், வசந்தாக்கா போதும்" என்று பெண்கள் கேலி செய்வார்கள்.

அவள் தலைவலி என்று என்னிடம் வர ஆரம்பித்தாள். வாரத்துக்கு ஒரு தடவை, சில வாரம் இரண்டு தடவை. கண் சிவந்து, கீழே கருவளையம் கட்டியிருக்கும். மூன்றாவது தடவையோ நாலாவது தடவையோ கேட்டேன்.

"தூக்கம் எப்படி வசந்தா?"

"எங்க சிஸ்டர் தூக்கம்! ராத்திரி பூரா எங்க மாமா என்னத் தூங்க வுடறதே இல்ல."

கணவரை அவள் மாமா என்றுதான் சொல்வாள். பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பெண்கள் களுக்கென்று சிரித்தார்கள். வசந்தாவும் திரும்பிப் பார்த்து, சொன்னது வேறு மாதிரி ஆகிவிட்டது என்று புரிந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

"போதும் போதும். மாத்திரையப் போட்டுக்கிட்டு லைனுக்குப் போ" என்று அனுப்பிவிட்டேன்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கொடுத்து வைத்தவள் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டது வேறு. அவ்வளவுதான் என் விசாரணை. "தூங்க விடலைன்னா என்ன பண்றாரு?" என்று இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. வயதும் கம்மி, உடம்பும் ஒல்லி என்பதால் பி.பி.யும் பார்க்கவில்லை. பின்னால் ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தபோது அவள் பெயர் பதினோரு இடத்தில் என் கையெழுத்தில் இருந்தது. பதினோரு இடத்திலும் பக்கத்தில் அதே ஒரு மாத்திரை.

மழைக்காலத்தில் ஒரு வியாழக்கிழமை. ஐந்தரைக்கு ஷிஃப்ட் முடியும், ஐந்தே முக்காலுக்குப் பஸ்கள் கிளம்பும். ஐந்தேகால் மணிக்கு இரண்டு பெண்கள் வசந்தாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் உட்காரவைப்பதற்குள் வாந்தி எடுத்தாள். பி.பி. பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து. மெஷின்மேல் சந்தேகப்பட்டு இன்னொரு கையில் பார்த்தேன். அதைவிட இரண்டு ஜாஸ்தி.

ஆஸ்பத்திரிக்கு அனுப்பக் கம்பெனி வேனை வரச் சொல்லிவிட்டு அவளிடம் வந்தேன். அவள் எழுந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"படு வசந்தா. எங்க போற?"

"பஸ் போயிடும் சிஸ்டர்."

"போவட்டும். உன்னை நான் வேன்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"அய்யோ, வேணாம் சிஸ்டர். நான் பஸ்ல போய்டறேன். வூட்டுக்குப் போய் படுத்தா சரியாப் பூடும்."

"பி.பி. எவ்வளவு இருக்குதுன்னு தெரியுமா உனக்கு? பஸ் இன்னிக்கு நீ இல்லாமலே போவும்."

அப்போது அவள் முகத்தைப் பார்த்தேன். வலியில் சுருங்கிய முகம் பயத்தில் வேறு மாதிரி ஆகியிருந்தது. வீட்டில் அடிக்கிறாரோ, லேட்டானால் சத்தம் போடுவாரோ என்று ஒரு நிமிஷம் ஏகாம்பரத்தைத் தப்பாக நினைத்தேன். ஒரே விஷயத்தில் எனக்கு இரண்டாவது தப்பு அது. கூட வந்த பெண்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

"என்ன பயம் உனக்கு? யாருக்குப் பயப்படற?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சிஸ்டர், யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே? நான் பின்னாடி உக்காந்து பேசிக்கினே வந்தாத்தான் மாமா முழிச்சிக்கினு இருக்கும். இல்லன்னா வண்டிலயே தூங்கிடும். மாதனூர் தாண்டினா தலை ஆட ஆரம்பிச்சிரும். சொல்லிடாதீங்க சிஸ்டர், வேலை பூடும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி ஐந்து முப்பத்தைந்து.

இந்த மாதிரி நேரங்களில் என்ன செய்வது என்று நமக்கு எந்தப் பாடத்திலும் சொல்லித் தரவில்லை. ஒரு நோயாளி என்னிடம் ரகசியமாகச் சொன்ன விஷயம். அதை வெளியே சொன்னால் அவர்கள் வீட்டு அடுப்பு அணையும், அப்புறம் எந்தப் பெண்ணும் என்னிடம் வாயைத் திறக்க மாட்டாள். சொல்லாவிட்டால் ஐம்பத்திரண்டு பேர் நெடுஞ்சாலையில், மழையில், தூங்குகிற மனுஷனை நம்பி. கட்டிலில் படுத்திருப்பவளைத் தனியாக விடவும் முடியாது. உதவிக்கு இருந்த பெண்ணை அவள் பக்கத்தில் உட்காரவைத்து, "எந்திரிக்க வுடாத, மறுபடி வாந்தி எடுத்தா ஒருக்களிச்சுப் படுக்க வை, உடனே எனக்கு ஃபோன் பண்ணு" என்று சொல்லிவிட்டு, குடைகூட எடுக்காமல் ஓடினேன்.

ஏழாம் நம்பர் பஸ் முதல் ஆளாகக் கிளம்பத் தயாராக நின்றது. பெண்கள் டிபன் பாக்ஸும் பையுமாக முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். அந்த இரைச்சலில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஏகாம்பரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தாடை நெஞ்சில் பட உட்கார்ந்திருந்தார். கண் மூடியிருந்தது. நான் ஜன்னலைத் தட்டினேன். இரண்டாவது தடவை தட்டியபோதுதான் விழித்தார்.

"சும்மா கண்ண மூடினேன் சிஸ்டர்" என்றார், நான் எதுவும் கேட்கும் முன்பே.

டிரான்ஸ்போர்ட் பார்த்துக்கொள்கிற ரஹீம் பாய் கையில் லிஸ்டுடன் பக்கத்தில் நின்றார். வாணியம்பாடிக்காரர். நல்ல மனுஷன், ஆனால் பஸ் ஐந்து நிமிஷம் லேட்டானாலும் அவருக்கு வேர்த்துவிடும். அவரிடம் சொல்லலாமா? ஜன்னலிலிருந்து பத்துத் தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கே வைத்துச் சொன்னால் பஸ் அடுத்த ஸ்டாப்பில் நிற்பதற்குள் விஷயம் ஆம்பூர் முழுக்கப் போய்விடும்.

அந்த நொடியில் ஒன்று தோன்றியது. பொய் சொல்லவே வேண்டியதில்லை. உண்மையில் பாதியைச் சொன்னால் இப்போதைக்குப் போதும்.

"ஏகாம்பரம், வசந்தாவுக்கு பி.பி. ரொம்ப ஜாஸ்தி. வாந்தி எடுத்துட்டா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். நீங்க கூட வரணும். இப்பவே."

மனுஷன் இன்ஜினை நிறுத்தி, சாவியைக்கூட எடுக்காமல் குதித்து இறங்கினார். வேனை நோக்கி அவர் ஓடிய வேகத்தைப் பார்த்தபோது, சற்று முன் அவரைப் பற்றி நினைத்ததற்கு எனக்கே வெட்கமாக இருந்தது.

ரஹீம் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா சிஸ்டர், பேஜார் பண்றீங்க! இந்த வண்டிக்கு டிரைவர நான் எங்க போய்த் தேடுவேன்? அந்தம்மாவுக்குத் துணைக்கு ஒரு லேடிய அனுப்பினா போதாதா?"

"போதாது பாய்."

"ஏன்?"

"நாளைக்குச் சொல்றேன். இன்னிக்கு அவர் ஓட்டக் கூடாது. என் பேச்சை நம்புங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். மழையில் நனைந்து நின்ற என்னைப் பார்க்க எப்படி இருந்ததோ, அடுத்த கேள்வி கேட்காமல் ஃபோனை எடுத்தார். ஆம்பூர் டவுனுக்குள் ஓடுகிற பஸ் ஒரு டிரிப் முடித்துவிட்டுத் திரும்பி வந்து இவர்களை ஏற்றிப் போக ஐம்பது நிமிஷம் ஆயிற்று. அந்த ஐம்பது நிமிஷமும் பெண்கள் என்னை என்னென்ன திட்டினார்கள் என்பதை மறுநாள் உதவிப் பெண் ஒன்றுவிடாமல் சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

ஆஸ்பத்திரியில் வசந்தாவை உள்ளே எடுத்துக்கொண்டார்கள். நானும் ஏகாம்பரமும் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தோம். "அவளுக்கு ஒண்ணும் ஆவாதில்ல சிஸ்டர்?" என்று மூன்று தடவை கேட்டார். நாலாவது தடவை கேட்க வாயைத் திறந்தவர், அப்படியே தூங்கிப்போனார்.

அதன் பிறகு வந்த சத்தத்தை எப்படிச் சொல்ல! மேட்டில் ஏறுகிற லாரி மாதிரி ஒரு குறட்டை. ஹாலில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. சட்டென்று சத்தம் நின்றது. முழுசாக நின்றது. நெஞ்சு ஏற முயன்றது, காற்று மட்டும் போகவில்லை. நான் வாட்சைப் பார்த்தேன். இருபது நொடி. இருபத்தைந்து. என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. அவரைத் தட்ட நான் கையை நீட்டும்போது, பெரிதாக ஒரு கேவலோடு மூச்சை இழுத்தார். கண் திறக்கவில்லை. மறுபடி குறட்டை.

வசந்தாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்த டூட்டி டாக்டர் வாசலிலேயே நின்றுவிட்டார். என் மகளைவிடச் சின்னப் பெண். தலையைச் சாய்த்து இன்னும் ஒரு சுற்றுக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"சிஸ்டர், பேஷண்ட் உள்ள இருக்கிற அம்மாவா, இவரா?"

"அந்தம்மாதான் டாக்டர். இவர் அவங்க வீட்டுக்காரர்."

"என்ன வேலை பண்றார்?"

"டிரைவர்."

"என்ன ஓட்டுறார்?"

"பஸ்."

டாக்டர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு எளிமையாக விளக்கினார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சு போகிற வழியை அடைத்துவிடுகிறது. மூச்சு நின்றதும் மூளை திடுக்கிட்டு எழுப்புகிறது. அந்த ஆள் முழுசாக விழிப்பதில்லை, அதனால் காலையில் ஒன்றும் நினைவு இருப்பதில்லை. இப்படியே இரவு முழுவதும் நடந்தால், எட்டு மணி நேரம் படுத்திருந்தும் உடம்புக்குத் தூக்கமே கிடைத்திருக்காது. பகலில் எங்கே உட்கார்ந்தாலும் கண் சொக்கும். பி.பி. ஏறும், இதயம் களைத்துப்போகும், கோபம் வரும், ஞாபகம் குறையும்.

"இவங்க நல்லாத் தூங்குறேன்னுதான் சொல்லுவாங்க சிஸ்டர். கேட்டா பக்கத்துல படுக்கிறவங்களத்தான் கேக்கணும்" என்றார்.

முப்பது வருஷ சர்வீஸ் எனக்கு. அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் இருந்தால் ஜாஸ்தி. பக்கத்தில் படுக்கிறவள் பதினோரு தடவை என் எதிரில் வந்து உட்கார்ந்தாள் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வசந்தாவுக்கு பி.பி. கொஞ்சம் இறங்கியதும் உள்ளே போனோம். டாக்டர் ஏகாம்பரத்திடம் நேராகச் சொன்னார்: வேலூரில் தூக்கப் பரிசோதனை செய்து, வைத்தியம் ஆரம்பித்து, சரி என்று எழுதித் தரும்வரை வண்டி ஓட்டக் கூடாது. அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"நான் குடிக்கிற ஆளு கெடையாது டாக்டர். ஒம்பது மணிக்குப் படுத்தா அஞ்சு மணிக்குத்தான் எந்திரிப்பேன். இருவது வருஷத்துல ஒரு ஆட்டுக்குட்டிகூட என் வண்டில அடிபட்டதில்ல. யாரு சொன்னது நான் தூங்குறேன்னு?" என்றவர் வசந்தாவைப் பார்த்தார். "நீயாடி?"

வசந்தாவுக்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. குரல் மட்டும் பழைய குரல். "ஆமா, நான்தான். இனிமே என்னால முடியாது மாமா. ராத்திரில உன் மூச்சு நின்னா நான் தட்டணும். நின்னுதா, வந்துதான்னு காது வச்சிக்கினே படுத்துக்கினு இருக்கேன். பகல்ல மெஷின்ல உக்காந்தா எனக்குக் கண்ணு இருட்டுது. சாயங்காலம் பஸ்ல உன்ன முழிக்க வைக்கணும். இன்னாத்துக்கு தெனம் மாதனூர் வந்தா நான் உங்கம்மாவப் பத்தி பேச்செடுக்கறேன்னு நெனச்ச?"

"இன்னாத்துக்கு?"

"வேற எதப் பத்திப் பேசினாலும் உனுக்குத் தூக்கம் கலையாது. உங்கம்மாவச் சொன்னா மட்டும் சுருக்குன்னு முழிச்சிக்குவ. அந்த அம்மா எனுக்கு இன்னா பாவம் பண்ணாங்க? தங்கமான மனுஷி. ஆறு மாசமா அவங்களத் திட்டித் திட்டி உன்ன ஊர் கொண்டுபோய் சேர்த்தேன்."

டாக்டர் சிரிப்பை அடக்க ஃபைலைப் புரட்டினார். ஏகாம்பரம் சிரிக்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் மெதுவாக உட்கார்ந்தார். அந்த ஆறு மாதத்துச் சண்டைகள் ஒவ்வொன்றாக அவர் மனதில் ஓடியிருக்க வேண்டும். பெண்டாட்டியின் பாதத்தைப் போர்வையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

மறுநாள் வசந்தாவோடு ஆஸ்பத்திரியில் இருக்க லீவு சொல்லியிருந்ததால் பஸ்ஸை அவர் தொட மாட்டார். ஆனால் அதற்கு மறுநாள் என்று ஒன்று இருக்கிறதே. அன்று ராத்திரியே அவரிடம் சொன்னேன்: "நீங்களே ரஹீம் பாய்கிட்ட சொல்லிடுங்க. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லலைன்னா நான் சொல்லுவேன். மன்னிச்சிக்குங்க." ரகசியத்தைக் காப்பது நம் தொழில்தான். ஆனால் அந்த ரகசியத்தில் விஷயமே தெரியாத ஐம்பத்திரண்டு பேரின் உயிர் கலந்திருந்தால், அதற்கு ஒரு கெடு வைக்க வேண்டும். கெடு வைப்பதையும் அவர்களிடம் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட வேண்டும். முதுகுக்குப் பின்னால் செய்யக் கூடாது.

மறுநாள் ஏகாம்பரமே வந்து சொன்னார். அந்த அதிர்ச்சியில் ரஹீம் பாய் அன்று டீகூடக் குடிக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். விஷயம் மேலே போனது. பர்சனல் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். வேலையை விட்டு எடுத்துவிடுவதுதான் சரி என்றார்.

"சார், உண்மையைச் சொன்னவரை எடுத்தீங்கன்னா, அடுத்து தூக்கம் வர்ற டிரைவர் என்ன பண்ணுவார்?" என்று கேட்டேன்.

"என்ன பண்ணுவார்?"

"வாயைத் திறக்க மாட்டார். கண்ணத் திறந்து வச்சிக்கினு தூங்கக் கத்துக்குவார்."

அவர் வேலையை விட்டு எடுக்கும் பேச்சை விட்டார். ஏகாம்பரத்தை ஸ்டோருக்கு மாற்றினார்கள். இருபது வருஷம் ஸ்டியரிங் பிடித்த கைக்கு அட்டைப் பெட்டி எண்ணுகிற வேலை. பஸ்கள் கிளம்பும் நேரத்தில் அவர் ஸ்டோர் கதவுக்கு வெளியே வரவே மாட்டார்.

வேலூரில் பரிசோதனை முடிந்து வந்து என்னிடம் சொன்னார்: "தலையில ஒயரு, மூக்குல ஒயரு, நெஞ்சுல பெல்ட்டு. பானெட்டத் தொறந்து வச்ச வண்டி மாதிரி படுத்துக்கினு இருந்தேன் சிஸ்டர்." இன்சூரன்ஸில் கிடைக்காத பாகத்துக்குக் கம்பெனி கை கொடுத்தது. தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொண்டால் காற்றை அழுத்தி உள்ளே அனுப்பி, மூச்சுவழி மூடிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற மெஷின் வந்தது. முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு அவர் படுத்திருந்ததைப் பார்த்து அவர் அம்மா, பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் சாவு வீடென்று நினைத்து நாற்காலியோடு வந்துவிட்டார்களாம்.

ஒரு வாரம் கழித்து வசந்தா வந்தாள். "மாத்திரை வேணாம் சிஸ்டர், ஒண்ணு கேக்கணும். மெஷின் வந்ததுலேர்ந்து மாமா சத்தமே இல்லாம தூங்குது. எனுக்குத்தான் தூக்கம் வர்ல. சத்தம் இல்லன்னா மூச்சு நின்னுடிச்சோன்னு எந்திரிச்சி எந்திரிச்சிப் பாக்கறேன்."

சிரித்தேன். ஆனால் இந்தத் தடவை சிரித்ததோடு அனுப்பிவிடவில்லை. உட்காரவைத்து, எத்தனை தடவை எழுந்திருக்கிறாள், படுத்தால் மனதில் என்ன ஓடுகிறது என்று கேட்டேன். காவல் காத்துப் பழகிய உடம்பு காவலை விட நாளாகும். அவளுக்கும் இரண்டு மாதம் ஆயிற்று. பி.பி.க்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அவள் அப்பாவுக்கும் பி.பி. இருந்ததாம். தூக்கம் கெட்டது மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. எரிகிற அடுப்பில் அது எண்ணெய் ஊற்றியிருந்தது, அவ்வளவுதான். தூக்கம் வரத் தொடங்கியதும் மாத்திரையின் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள்.

ஏகாம்பரத்துக்கு வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் சான்றிதழ் வந்தது. சத்தம் போடாமல் பழையபடி பஸ்ஸில் ஏற்றிவிடலாம் என்றார் ரஹீம் பாய். எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்த பஸ்ஸில் போகிறவர்களுக்கு இன்னும் விஷயம் தெரியாது. தெரியாமலே ஆறு மாதம் போனார்கள், இனியும் தெரியாமல் போகக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கூட நின்ற ஏகாம்பரம், "நானே சொல்லிடறேன் சிஸ்டர். சொல்லாம அந்த சீட்டுல என்னால உக்கார முடியாது" என்றார்.

அன்று சாயங்காலம் ஏழாம் நம்பர் பஸ்ஸின் படிக்கட்டில் நின்றுகொண்டு சொன்னார். தூங்கியது, வசந்தா பேசிப் பேசி எழுப்பியது, மெஷின், எல்லாவற்றையும் சொன்னார். கீழே பெண்கள் பையைப் பிடித்தபடி நின்றார்கள். லைனில் சேர்ந்து ஒரு வருஷமே ஆகியிருந்த ரேவதி என்ற பெண்தான் ஆரம்பித்தாள்.

"எங்க வூட்ல ரெண்டு பசங்க எனக்காகக் காத்துக்கினு இருக்குதுங்கண்ணா. அத்தினி நாள் எங்கள ஏத்திக்கினு இப்படி ஓட்டியிருக்கீங்களே!" என்றவள் வசந்தா பக்கம் திரும்பினாள். "நீயும் சொல்லலையேக்கா. நாங்க உன் சண்டையக் கேட்டு சிரிச்சிக்கினு வந்தோம்."

"தப்புதாம்மா" என்றார் ஏகாம்பரம். வசந்தா தலையைக் குனிந்துகொண்டாள். என் தலையும்தான் குனிந்தது.

பெருக்குகிற வேலை செய்யும் முனியம்மா முன்னால் வந்தார். அந்த பஸ்ஸிலேயே மூத்தவர். ஏகாம்பரத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

"ராத்திரி அத்த மூஞ்சில மாட்டிக்கினியா?"

"மாட்டிக்கினேன்கா."

"எத்தினி மணி நேரம்?"

"ஆறே முக்கா. மெஷின்லயே எழுதிக் காட்டும்கா. ஃபோட்டோ எடுத்து வச்சிருக்கேன், பாக்கறியா?"

"எனக்குப் படிக்கத் தெரியாது. உன் வாயால சொல்லு. தெனம் சொல்லணும். ஒரு நாள் சொல்லலன்னாலும் நான் ஏற மாட்டேன்."

"சொல்றேன்கா."

"அப்ப வண்டிய எடு" என்று சொல்லிவிட்டு முனியம்மா முதல் ஆளாக ஏறினார். ஒவ்வொருத்தியாக மற்றவர்களும் ஏறினார்கள்.

ரேவதி ஏறவில்லை. அன்றைக்கு டவுன் பஸ்ஸில் போய், மாறி மாறி ஊர் போய்ச் சேர்ந்தாள். மறுநாளும் அப்படித்தான். அவளை யாரும் வற்புறுத்தவில்லை, வற்புறுத்தக் கூடாது என்று நானும் சொல்லியிருந்தேன். மூன்றாம் நாள் மாலை நான் வீட்டுக்குக் கிளம்பும்போது பார்த்தேன். ஏழாம் நம்பர் பஸ்ஸுக்கு வெளியே டிரைவர் ஜன்னலுக்கு நேராக நின்றிருந்தாள்.

"நேத்து எத்தினி மணி நேரம்ணா?"

"ஏழு மணி நேரம்மா."

அவர் கண்ணையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.